பழைய உழவு மெசினைப் புதுப்பிக்கும்போது: எந்த மாற்றத்தை வைப்பது, எதைக் கழற்றுவது?

மெஸி பெர்குசன் 35 ஒன்றைப் புதுப்பிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் கிறைண்டரை எடுத்தேன். முன் அச்சுக்கு மேலே வெல்ட் வைத்திருந்த கோண இரும்பு ஒன்றை அறுத்து எறிந்தேன். பார்க்க அழகில்லை, துருவேறிக் கோணலாக நின்றது, கொம்பனி அடித்த சாமான் இல்லை என்பதும் பார்த்தவுடனே தெரிந்தது. ஆறு மாதம் கழித்து, பெரும்போகத்துக்கு முதல் மழை விழுந்த பிறகு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு வயலிலிருந்து வரம்பேறினேன். முன் சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றியது. கிளட்சை மிதித்த கையோடு மெசின் தொப்பென்று திரும்ப விழுந்தது. அந்த மெசினை இருபது வருடம் ஓட்டிய பெரியப்பா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னுக்கு ஒரு இரும்பு இருந்திச்சே மகன், மண் மூட்டை வைக்கிற இரும்பு. அதையா வெட்டிப்போட்டாய்?”

அதைத்தான் வெட்டியிருந்தேன். அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான்: ஏன் வைத்தார்கள் என்று தெரியாத எதையும் கழற்றுவதில்லை. தெரிந்த பிறகு கழற்றலாம், வைக்கலாம், வேறு விதமாகச் செய்யலாம். கீழே எழுதுவதெல்லாம் அந்தக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு எப்படி முடிவெடுப்பது என்பது பற்றியது. எனக்குக் கைப்பழக்கமானது மெஸி 35உம் 135உம். மற்றப் பழைய மெசின்களுக்கும் முறை இதுதான், சாமான்களின் பெயர்தான் மாறும்.

கழுவுங்கள், சுரண்டாதீர்கள்

வைக்கோல், சேறு, கிறீஸ் எல்லாம் போகும்படி மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவுங்கள். தண்ணீரைப் பீச்சி அடிப்பதாக இருந்தால் டைனமோ, ஸ்டார்ட்டர், பம்ப் இருக்கும் பக்கம் வேண்டாம். பெயின்ற்றைச் சுரண்டவும் வேண்டாம், தட்டி நிமிர்த்தவும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் மெசினே ஒரு ஆவணம்.

கழுவியதும் போனை எடுத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். அப்புறம் கிட்ட வந்து ஒவ்வொரு வயர் இணைப்பையும், வெல்ட்டையும், ஒட்டையும் எடுங்கள். ஒரு கொப்பி வாங்கி, மெசினில் உள்ள ‘கொம்பனிச் சாமான் போல் இல்லாத’ எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். என் மெசினில் முப்பத்தொரு விஷயம் வந்தது. எழுதாமல் மனதில் வைத்திருந்தால் பத்துக்கு மேல் நினைவிருந்திருக்காது.

இந்த வேலையைத் தொடங்கும் காலமும் முக்கியம். பெரும்போக அறுவடை மாசியிலும் பங்குனியிலும் முடிகிறது. சிறுபோகம் செய்யாத காணிக்காரருக்கு அதன் பிறகு ஐப்பசி விதைப்பு வரை நேரம் இருக்கிறது. கார்த்திகையில் பாகங்களைப் பிரித்து வைத்துவிட்டு வெள்ளத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எது கொம்பனியுடையது, எது இங்கே வந்தது?

இது நினைப்பதை விடச் சிக்கலானது. பழையது என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. சாம்பல் நிற ‘சின்னப் பெர்குசன்’, அதாவது டீஈ20, இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளியே வந்தது. அதன் பிறகு 35 வந்தது. முதல் ஒரு வருடத்துக்கு மேல் அதுவும் சாம்பல் நிறம்தான், எஞ்சினும் கியர்பெட்டியும் தங்க நிறம். 1957 கடைசியில்தான் நாம் அறிந்த சிவப்பு வந்தது. ஆகவே பொனற்றில் சிவப்புக்குக் கீழே சாம்பல் தெரிந்தால், யாரோ மாற்றியடித்திருக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஆரம்ப கால மெசினாகவும் இருக்கலாம், வேறு மெசினின் பொனற் வந்து ஏறியதாகவும் இருக்கலாம்.

எஞ்சினும் அப்படித்தான். டீசல் 35இல் முதலில் வந்தது ஸ்டான்டர்ட் என்ற கொம்பனியின் நான்கு சிலிண்டர். 1959இல் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்தது. ஸ்டான்டர்ட் எஞ்சின் குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் என்று இங்கிலாந்தில் பெயர் எடுத்தது. நமது ஊர்ச் சூட்டில் அது பெரிய குறையில்லை, ஆனால் சாமான் கிடைக்காதது குறை. அதனால் பலர் அதைக் கழற்றிப் பெர்கின்ஸ் ஏற்றினார்கள். உங்கள் 35 எந்த வருடம் என்பது தெரியாமல், மூன்று சிலிண்டரைப் பார்த்து ‘ஒரிஜினல்’ என்றும் சொல்ல முடியாது, ‘மாற்றியது’ என்றும் சொல்ல முடியாது. டாஷ்போர்டில் உள்ள தகட்டில் தொடர் எண் இருக்கும். எஞ்சின் நம்பர் எஞ்சின் உடம்பிலேயே அடித்திருக்கும். இரண்டையும் எழுதி, பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஶ்ரீ இலக்கத் தகடு உள்ள மெசின் பல கை மாறியிருக்கும், புத்தகமும் மெசினும் ஒரே கதையைச் சொல்வது அபூர்வம். எஞ்சின் நம்பர் பொருந்தாவிட்டால் பெயின்ற் அடிக்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்யப் பாருங்கள். பிறகு என்று விட்டால் அது எப்போதும் பிறகுதான்.

சின்னச் சாமான்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது: மரை. அந்தக் கால இங்கிலாந்து மெசினில் அங்குல மரைதான். இடையில் ஒரு மில்லிமீட்டர் போல்ட் இருந்தால் அது பிறகு வந்தது. ஆனால் ஸ்பனரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். 19 ஸ்பனர் முக்கால் அங்குலத் தலையில் அப்படியே உட்காரும், 13 ஸ்பனர் அரை அங்குலத்தில் கொஞ்சம் ஆடிக்கொண்டு உட்காரும். போல்ட்டைக் கழற்றி, ஒரிஜினல் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றின் மரையோடு மரை வைத்துப் பாருங்கள். பல்லோடு பல் இறுகினால் ஒரே சாதி, இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேறு.

பெயின்ற்றுக்கு இன்னொன்று. யாருக்கும் தெரியாத மூலையில், இருக்கைக்குக் கீழே என்றால் நல்லது, தண்ணீர் போட்டு மட்டத்தாளால் ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டமாகத் தேயுங்கள். மரத்தை வெட்டினால் தெரியும் வளையம்போல் ஒவ்வொரு பூச்சும் தெரியும். ஒரு பிறக்கற்றுக்குக் கீழேயும் இதே வளையங்கள் இருந்தால், மெசின் பெயின்ற் அடித்துப் பழகிய பிறகு அந்தப் பிறக்கற் வந்திருக்கிறது. கீழே வெறும் இரும்பும் கொம்பனிப் பூச்சும் மட்டும் என்றால் அது மெசினோடு பிறந்தது, அல்லது மிக ஆரம்பத்தில் ஏறியது. உலர்வாகத் தேய்க்காதீர்கள், பழைய பூச்சில் ஈயம் இருக்கும்.

ஓட்டியவர்களிடம் போங்கள்

கொப்பியோடு போங்கள். மெசினுக்குச் சொந்தக்காரரை விட அதை ஓட்டியவருக்கும், வெல்ட் வைத்தவருக்கும்தான் விஷயம் தெரியும். போடியாருக்குக் கணக்குத் தெரியும், டிரைவருக்குத்தான் மெசின் தெரியும்.

என் கொப்பியில் இருந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். ரேடியேட்டருக்கு முன்னால் மணல் அரிக்கும் அரிதட்டின் வலையை வெட்டிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். சைலன்சர் கீழால் போகவேண்டியது, அதை வெட்டி மேலே நிமிர்த்திப் பொனற்றுக்கு அருகே நிற்க வைத்திருந்தார்கள். வெல்ட் அசிங்கம், மேலே மழை விழாமல் ஒரு பால்மா ரின் மூடி. இரண்டையும் நான் குப்பை என்று எழுதியிருந்தேன்.

சம்மாந்துறைப் பக்கம் வேலை செய்த பழைய மெக்கானிக் காக்கா ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “இது சூடு மிதிச்ச மெசின் தம்பி. வேற என்ன?”

அறுவடை மெசின்கள் வருவதற்கு முன்பு களவெட்டியில் கதிரைப் பரப்பி, அதன் மேல் மெசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டித்தான் நெல்லைப் பிரித்தோம், சூடு மிதிப்பது என்பது அதுதான். மணிக்கணக்கில் வைக்கோலுக்குள்ளேயே ஓட்டம். தூசும் சருகும் ரேடியேட்டரில் அப்பி எஞ்சின் கொதிக்கும், அதற்குத்தான் அரிதட்டு வலை. கீழால் போகும் சைலன்சர் சூடேறி வைக்கோலில் பட்டால் நெற்சூடும் போய் மெசினும் போய்விடும், அதற்குத்தான் அதை மேலே நிமிர்த்தியது. குப்பை என்று நான் எழுதிய இரண்டும் அந்த மெசினைக் காப்பாற்றியவை.

சரி, இனி அந்த மெசின் சூடு மிதிக்கப் போவதில்லை. அப்படியென்றால் கழற்றலாமா? சைலன்சரை நான் கழற்றவில்லை. எங்கள் பக்கம் அறுவடை முடிந்ததும் வயலில் இன்னும் வைக்கோல் கிடக்கிறது, அந்தக் காரணம் சாகவில்லை. வலையைக் கழற்றினேன், ஏனென்றால் அதன் காரணம் செத்துவிட்டது, காற்றைத் தடுக்கும் பக்க விளைவு மட்டும் மிச்சம். ஆனால் எறியவில்லை.

மெசின் இனி என்ன செய்யப் போகிறது?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். சேற்று உழவு செய்யப் போகிறதா, பெட்டி (ட்ரெயிலர்) இழுக்கப் போகிறதா, முற்றத்தில் நின்று பொங்கலுக்குப் பொட்டு வைத்துக்கொள்ளப் போகிறதா? முற்றத்தில் நிற்கும் மெசினில் பழைய டைனமோவைத் தேடித் திருப்பி ஏற்றினால் ஒரு நட்டமும் இல்லை. தினமும் நெல் ஏற்றும் மெசினில் அதே வேலையைச் செய்தால் நடுவழியில் பற்றரி செத்து நிற்பீர்கள். வீட்டில் இதைப் பற்றி ஒரே அபிப்பிராயம் இருக்காது. அப்பாவுக்கு அது சாமான், மகனுக்கு அது ஞாபகம். கிறைண்டரைத் தொட முதல் அந்தச் சண்டையைப் பிடித்து முடித்துவிடுங்கள்.

தயங்காமல் கழற்ற வேண்டியவை

வரலாறு, ஞாபகம் எல்லாம் ஒரு பக்கம். ஆளைக் கொல்லக்கூடிய மாற்றத்துக்கு வரலாறு கிடையாது.

முதலாவது, ஸ்டார்ட்டர் குறுக்குவழி. 35இலும் 135இலும் மெசின் கியரில் நிற்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் கொம்பனியே வைத்திருக்கிறது. அது பழுதாகும், யாரோ ஒரு வயரைக் குறுக்கே போட்டு அதைத் தாண்டிவிடுவார்கள். அப்புறம் சாவியும் பழுதாகும், நிலத்தில் நின்றுகொண்டே ஸ்டார்ட்டரின் இரண்டு முனையையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் பண்ணப் பழகுவார்கள். நிற்கும் இடம் எங்கே? முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில். கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்தவுடன் பின் சில்லு அந்த ஆளின் மேல்தான் ஏறும். சுவிட்சைச் சரிசெய்யுங்கள், ஸ்டார்ட்டரின் முனைகளுக்கு மூடி போடுங்கள். ‘நான் கவனமாகத்தான் செய்வேன்’ என்பது உங்களுக்குச் சரி, நாளைக்கு உங்கள் தம்பி ஸ்டார்ட் பண்ணுவான்.

இரண்டாவது, உயர்த்தி வைத்த கொக்கி. கொம்பனி இழுவைக் கம்பி பின் அச்சின் மட்டத்தை விட நன்றாகக் கீழே இருக்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. பாரம் அச்சுக்குக் கீழிருந்து இழுக்கும்போது மெசினின் மூக்கு தரையில் நிற்கும். அச்சுக்கு மேலிருந்து இழுத்தால் பின் சில்லே சுழலச்சாகி மூக்கு வானத்தைப் பார்க்கும். மெசின் பின்பக்கமாகக் கவிழ ஒன்று இரண்டு செக்கன் போதும், குதிக்க நேரம் கிடைக்காது. பெட்டியின் கம்பி உயரமாக இருக்கிறது என்பதற்காக மேலே, சில வேளை கலப்பையின் மேல் இணைப்பு பூட்டும் இடத்திலேயே, கொக்கியை வெல்ட் வைத்த மெசின்கள் மணல் இழுத்த இடமெல்லாம் உண்டு. கொக்கியை வெட்டுங்கள். மாற்ற வேண்டியது பெட்டியின் கம்பியை. மேலே உள்ள நிழல் கூரை அந்த நேரம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். குழாயும் தகரமும் வெயிலுக்குத்தான்.

மூன்றாவது, ஸ்டியரிங்கிலும் முன் அச்சிலும் உள்ள வெல்ட். ஸ்டியரிங் கைகள் அடித்துச் செய்த உருக்கு, ஊர் வெல்டிங்கில் ஒட்டினால் ஒட்டும், ஆனால் ஒட்டின் பக்கத்தில் உடையும். முன் அச்சு துளை துளையாக இருப்பது அகலம் மாற்றுவதற்கு. துளை தேய்ந்து ஆடத் தொடங்கியதும் சுற்றிவர வெல்ட் வைத்து இறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றித் துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட லேத் பட்டறையில் சொல்லலாம், அல்லது வேறு அச்சுத் தேடலாம்.

பிறேக்கைப் பற்றி ஒரு வரி: 35இல் இரண்டு பிறேக் மிதியையும் ஒன்றாகப் பூட்ட ஒரு கொளுவி உண்டு. அநேகமாக அது தொலைந்து கட்டுக்கம்பி இருக்கும். தார் வீதியில் பெட்டியோடு போகும்போது ஒரு பக்கம் மட்டும் பிறேக் பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொளுவியைச் செய்து போடுங்கள். பிறேக்கைப் பிரிக்கும்போது உள்ளே உள்ள தூசை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

பீ.ரீ.ஓ. தண்டுக்கு, அதாவது பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டுக்கு, மூடி இல்லை என்றால் போடுங்கள். சாரத்தோடு வயலில் நிற்கும் ஊர் நம்முடையது. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் தண்டு சாரத்தைப் பிடித்தால் விடாது.

நல்ல மாற்றம், அரைகுறை வேலை

பெரும்பாலான மாற்றங்கள் இந்த வகைதான். யோசனை சரி, செய்த விதம் பிழை. இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டைனமோ குறைந்த ஓட்டத்தில் ஒழுங்காகச் சார்ஜ் பண்ணாது. கொடுப்பதும் 20 ஆம்பியர் அளவுதான். இரவில் உழுபவருக்கு ஆல்டர்னேட்டர் வேண்டும், வேலை செய்யும் மெசினில் நான் அதை வைத்துக்கொள்வேன். ஆனால் மூன்று இடத்தைப் பாருங்கள். பிறக்கற் போல்ட்டில் நிற்கிறதா, எஞ்சின் உடம்பில் வெல்ட் வைத்ததா? போல்ட் என்றால் நாளைக்குத் திரும்பப் போகலாம். இரண்டாவது வயர். டைனமோவுக்கு இருந்த பழைய வயரிலேயே இரண்டு மடங்கு மின்னோட்டத்தை ஓடவிட்டிருப்பார்கள், ரப்பர் உருகிக் கறுத்திருக்கும். புது வயர் போடுங்கள். மூன்றாவது பற்றரியின் பக்கம். அந்தக் கால இங்கிலாந்து மெசின் பலவற்றில் பற்றரியின் பிளஸ் முனை உடம்புக்குப் போகும். ஆல்டர்னேட்டர் போட்டவர் அதை மைனஸுக்கு மாற்றியிருப்பார். பழைய பழக்கத்தில் ஒருவர் பிளஸை உடம்புக்குக் கொடுத்தால் டயோட் அந்த இடத்திலேயே எரிந்துவிடும். எனக்கு ஒன்று அப்படிப் போனது. இப்போது பற்றரிப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ற்றில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘மைனஸ் உடம்புக்கு’.

மறுபக்கம் டைனமோவைத் திருப்பி ஏற்றுவதானால், அது எந்தப் பக்கத்துக்கு இருந்ததோ அந்தப் பக்கத்துக்குப் பற்றரியைக் கொடுத்து, டைனமோவின் காந்தப் பக்கத்தையும் திருத்த வேண்டும். ரெகுலேட்டரில் ‘எஃப்’ என்று இருக்கும் வயரைக் கழற்றிப் பற்றரியின் உயிர் முனையில் (உடம்புக்குப் போகாத முனையில்) கண நேரம் தொட்டு எடுப்பது அந்த வேலை. பழைய மோட்டார் எலக்ட்ரீசியனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஸ்டார்ட்டருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும்.

காற்று வடியை விட்டுக்கொடுக்காதீர்கள். கொம்பனி கொடுத்தது ஒயில் கிண்ணத்தோடு உள்ள வடி. அதைத் தொலைத்துவிட்டு ஒரு குழாயும் துணியும் கட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன், காரின் கடதாசி வடியும் கண்டிருக்கிறேன். ஆவணி புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு உழும்போது எழும்பும் தூசை நினைத்துப் பாருங்கள். அந்தத் தூசு சிலிண்டருக்குள் போனால் மட்டத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல்தான். ஒயில் வடிக்குக் கடையில் சாமான் வாங்கத் தேவையில்லை, கழுவி ஒயில் மாற்றினால் போதும். இந்த ஒன்றில் கொம்பனியின் யோசனை இங்குள்ள எல்லா மாற்றத்தையும் விட நல்லது. தேடித் திருப்பிப் போடுங்கள்.

தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். ‘நமது ஊர்ச் சூட்டுக்கு எதுக்கு அது?’ என்று கழற்றி எறிந்திருப்பார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எஞ்சினுக்கு வேண்டியது ஊர்ச் சூடு அல்ல, 80 பாகை அளவிலான தன் சூடு. அது வராமல் ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் ஒயிலோடு கலந்து சிலிண்டரைத் தின்னும். தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் கொதிக்காமல் ஓடுகிறது என்றால் நோய் வேறு இடத்தில், ரேடியேட்டரில் அல்லது தண்ணீர்ப் பம்பில் இருக்கிறது. அவர் கழற்றிய காரணம் அதுதான். முதலில் நோயைப் பாருங்கள், பிறகு தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள்.

பெட்டி கவிழ்க்க எடுத்த ஹைட்ரோலிக் குழாயைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. வெளியே ஒரு சிலிண்டருக்கு ஒயில் எடுக்க இந்த மெசின்களில் வழி இருக்கிறது, அதிலிருந்து எடுத்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெர்குசன் முறையில் ஹைட்ரோலிக்குக்கும் கியருக்கும் டிபரன்ஷியலுக்கும் ஒரே ஒயில். மழையில் நின்ற பெட்டியின் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் கடைசியில் உங்கள் கியர்பெட்டிக்குள்தான் வந்து சேரும். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். தேத்தண்ணி நிறத்தில், பால் ஊற்றினதுபோல் இருந்தால் குழாயைப் பற்றிய முடிவை ஒத்திப்போட்டு ஒயிலை மாற்றுங்கள்.

சில்லு. 35க்குக் கொம்பனி கொடுத்த அளவுகளில் ஒன்று பின்னுக்கு 11-28, முன்னுக்கு 6.00-16. இரும்புச் சில்லு மாட்டி உழுத மெசினில் றிம் துளைகள் முட்டை வடிவமாகி இருக்கும், பின் அச்சுப் பெயாரிங்கும் தேய்ந்திருக்கும். இரும்புச் சில்லைக் கழற்றி வைத்தாலும் அது விட்டுப்போன தேய்மானத்தைப் பாருங்கள். பாரத்துக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் றிம்மின் உட்பக்கம் துருவேறியிருக்கும். வாவியோரத்துக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே பெயின்ற் பளபளக்கும், சுத்தியலால் தட்டினால் விரல் உள்ளே போகும்.

ஏற்றிய எஞ்சினைப் பற்றி: நன்றாக ஓடினால் விட்டுவிடுங்கள். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய ஸ்டான்டர்ட் எஞ்சின் தேடி ஒரு வருடம் அலைவதை விட, ஏற்றிய பெர்கின்ஸுக்கு நல்ல நொசிலும் ஒயில் சீலும் போடுவது மேல். இந்தியாவிலும் பெர்கின்ஸ் உரிமத்தில் எஞ்சின் செய்தார்கள் என்பதால் மெஸி என்று எழுதிய சாமான் எல்லாம் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வார். பழைய சாமானைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வைக்கலாமா என்று மனம் ஊசலாடும்போது

ஆபத்து இல்லை, கெடுதலும் இல்லை, பெரிய பயனும் இல்லை என்ற சில மாற்றங்கள் மிஞ்சும். என் மெசினில் கியர்க் கம்பியின் உருண்டை போய், அதற்குப் பதிலாக முதிரைக் கட்டையில் கடைந்த ஒன்று இருந்தது. உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்து மினுங்கியது. வலது மட்காட்டில் வளைத்து ஒட்டிய ஒரு கம்பி, தேத்தண்ணிக் கேத்தல் தொங்கவிட. புது உருண்டை வாங்கியும் விட்டேன். பூட்டிவிட்டு மெசினில் ஏறி உட்கார்ந்தால் வேறு யாரோ வீட்டு மெசினில் ஏறினதுபோல் இருந்தது. அன்று பின்னேரமே முதிரைக் கட்டையைத் திருப்பிப் பூட்டினேன். கேத்தல் கம்பியும் நிற்கிறது.

இப்படியானவற்றுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: இதைக் கழற்றினால் திரும்ப வைக்க முடியுமா? போல்ட்டில் நிற்பதைக் கழற்றிப் பார்த்து, ஒரு போகம் ஓட்டி, பிறகு முடிவு செய்யலாம். வெல்ட் வைத்ததை அறுத்தால் அந்த ஆளின் கை வேலை போய்விடும், அதனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

பெயின்ற்

பூச்சு கடைசி வேலை, முடிவும் கடைசியாகவே எடுக்க வேண்டியது. வைத்துக்கொள்ளத் தீர்மானித்த வெல்ட்டுகளைப் புட்டி போட்டு மறைக்காதீர்கள். மறைத்தால் நாளைக்கு வாங்குபவர் கொம்பனியுடையது என்று நம்பி அதில் பாரம் போடுவார். நிறத்தை மாற்றுவதானால் பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறத்தையும் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. துருவை நிறுத்தி, கிறீஸ் துடைத்து, இருக்கும் பூச்சை அப்படியே விட்டுவிடுவது. எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் வெறும் இரும்பை விட முடியாது என்பதால் தேய்ந்த இடங்களுக்கு மட்டும் பூச வேண்டியிருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது, மச்சானுக்குப் பிடிக்கவில்லை. பொனற் மட்டும் இப்போது சிவப்பாகப் பளபளக்கிறது.

கழற்றியதை என்ன செய்வது?

பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒயில் தடவி, ஒரு தகட்டுத் துண்டில் ஆணியால் எழுதிக் கட்டுங்கள்: எங்கே இருந்தது, என்றைக்குக் கழற்றியது, ஏன். கடதாசியில் எழுதினால் கறையான் வாசித்துவிடும். உரச் சாக்கு ஒன்றில் போட்டு, மெசின் நிற்கும் கொட்டிலில் நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். மெசினை விற்றால் சாக்கும் கொப்பியும் மெசினோடு போகவேண்டும்.

என் சாக்கில் அரிதட்டு வலை இருக்கிறது, உருகிய வயர் ஒன்று இருக்கிறது, புதிதாக வாங்கிய கியர் உருண்டையும் இருக்கிறது. நான் அறுத்த கோண இரும்பு இல்லை. அதைப் பற்றைக்குள் தேடி எடுத்து, பெரியப்பா வந்து பார்த்துக்கொண்டிருக்க, இந்த முறை வெல்ட் வைக்காமல் நான்கு போல்ட்டில் திருப்பிப் பூட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, மண் மூட்டை எங்கே என்று கேட்டார்.